கேட்டு வருபவருக்குக் கொடுங்கள்

2025 பிப்ரவரி முதல் வாரத்தில் அமெரிக்க அரசின் சுற்றறிக்கை ஒன்று, அந்த நாட்டுப் பணத்தில் எச்.ஐ.வி. பணி நடக்கும் நாடுகளுக்கெல்லாம் போனது. அதற்குச் சில நாள் முன்புதான் வெளிநாட்டு உதவி அத்தனையையும் அந்த அரசு நிறுத்திவைத்திருந்தது. உயிர் காக்கும் சேவைகள் என்று சிலவற்றுக்கு மட்டும் விலக்கு கொடுத்து, எதையெதைத் தொடரலாம் என்று பட்டியல் போட்டிருந்தார்கள். அந்தப் பட்டியலில் தடுப்பு மருந்துக்கு ஒரு நிபந்தனை இருந்தது. எச்.ஐ.வி. தொற்று இல்லாதவருக்கு, அது வராமல் இருக்கக் கொடுக்கும் மருந்தைக் கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் மட்டுமே கொடுக்கலாம். வேறு யாருக்கும் அமெரிக்கப் பணத்தில் கொடுக்கக் கூடாது.

அந்த மாதம் கம்பாலாவிலும் லுசாகாவிலும் அமெரிக்க நிதியில் நடந்த கிளினிக்குகளுக்கு மாத்திரை வாங்கப் போன பாலியல் தொழிலாளர்களுக்கு அதில் இடமில்லை. ஆண்களோடு உறவுள்ள ஆண்களுக்கு இல்லை. கணவனுக்கு வெளியூரில் வேறு தொடர்பு உண்டு என்று தெரிந்தும் வீட்டை விட்டுப் போக முடியாத பெண், வயிற்றில் பிள்ளை இல்லையென்றால் அவளுக்கும் இல்லை.

நான் நாமக்கல் மாவட்டத்தில் அரசு மருத்துவமனையில், எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் தரும் நம்பிக்கை மையத்தில் பல வருடம் ஆலோசகராக இருந்தவள். கேஸ் டேங்கர் ஓட்டுபவர்கள், கிளீனர்கள், போர்வெல் போடும் திருச்செங்கோட்டு ரிக் வண்டிகளோடு மாதக்கணக்கில் வடக்கே போய்விடுகிறவர்கள், அவர்கள் வீட்டுப் பெண்கள், முதல் பிரசவத்துக்குப் பதிவு செய்ய வந்த சின்னப் பிள்ளைகள் என்று எல்லாரும் என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து எழுந்து போயிருக்கிறார்கள். வாஷிங்டனில் யாரோ எழுதிய அந்த நிபந்தனை எனக்கு ரொம்பப் பழக்கமானது. பாசிட்டிவ் என்று ரிப்போர்ட் வந்தால், கூட வந்த உறவினர் முதலில் கேட்பது ‘இனி என்னங்க பண்ணணும்?’ என்று இருக்காது. ‘எப்படிங்க வந்துச்சு?’ என்பார்கள். ரத்தம் ஏற்றியதில் வந்தது, அம்மாவிடமிருந்து வந்தது, புருஷன் கொண்டுவந்து கொடுத்தது என்றால் ‘பாவம், அது என்ன தப்புப் பண்ணுச்சு’ என்று குரல் இறங்கும். வேறு பதில் வந்தால் ‘தேடிக்கிட்டதுதானே’ என்று முகம் திரும்பிவிடும். படித்தவர்களும் இப்படித்தான் இருந்தார்கள். மருத்துவமனைக்கு உள்ளே வேலை பார்த்தவர்களிலும் இப்படிப் பிரித்துப் பார்த்தவர்கள் உண்டு.

இந்தப் பிரிவினையால் நோய் ஒருநாளும் நிற்கவில்லை. ‘தேடிக்கொண்டவர்’ என்று ஒதுக்கிவைத்த ஆணிடமிருந்துதானே ‘பாவப்பட்ட’ பெண்ணுக்கு வருகிறது? கர்ப்பிணியை மட்டும் காப்பாற்றுகிறேன் என்று சொல்லிவிட்டு, கர்ப்பமாவதற்கு முந்தைய நாள் வரை அவளைக் கவனிக்க மாட்டேன் என்பது என்ன கணக்கு? எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை, வந்து கேட்கிறவர் எவராயினும் அவருக்குக் கொடுக்க வேண்டும். எந்த நாட்டவர், என்ன தொழில், கல்யாணம் ஆனவரா, யாரோடு உறவு என்று தகுதி பார்த்துக் கொடுக்கிற வரை இந்தத் தொற்று நம்மை விட்டுப் போகாது.

இந்த மருந்துகளைப் பற்றித் தமிழில் அதிகம் எழுதப்படவில்லை, ஆகவே கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். டெனோஃபோவிர், எம்ட்ரிசிடபின் என்ற இரண்டும் கலந்த ஒரு மாத்திரை. தொற்று உள்ளவர்களுக்குச் சிகிச்சையாக வந்த மருந்துதான் இது. தொற்று இல்லாதவர் இதைச் சாப்பிட்டு வந்தால், வைரஸ் உடம்புக்குள் நுழைந்தாலும் பெருக வழியில்லாமல் போய்விடும். 2012இல் அமெரிக்கா இதைத் தடுப்பு மருந்தாக அனுமதித்தது. 2015இல் உலக சுகாதார நிறுவனம், தொற்று அபாயம் அதிகமுள்ள எல்லாருக்கும் கொடுக்கலாம் என்றது. ஒழுங்காகச் சாப்பிட்டால் மிக நன்றாகக் காக்கும். ஆனால் தென்னாப்பிரிக்கா, உகாண்டா, ஜிம்பாப்வே நாடுகளில் 5,000க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த ‘வாய்ஸ்’ ஆய்வின் முடிவு 2013இல் வந்தபோது பெரிய ஏமாற்றமாக இருந்தது. மருந்து கொடுக்கப்பட்ட பெண்களின் ரத்தத்தைச் சோதித்ததில், மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவானவர்களிடம்தான் அதன் தடயமே இருந்தது.

ஏன் சாப்பிடவில்லை என்று அந்தப் பெண்களிடமே பிறகு கேட்டார்கள். எச்.ஐ.வி. உள்ளவர்கள் சாப்பிடும் அதே மாத்திரை. வீட்டில் யாராவது பார்த்தால், இவளுக்கு நோய் வந்துவிட்டது என்றுதான் முடிவு கட்டுவார்கள். எனக்கு இதைப் படித்ததும் ஆச்சரியம் எதுவும் ஏற்படவில்லை. தொற்று உள்ளவர்களுக்குக் கூட்டு மருந்து தரும் எங்கள் ஏ.ஆர்.டி. மையத்தில் அதை வாங்கும் பெண்கள் அங்கேயே டப்பாவைப் பிரித்து, லேபிளைக் கிழித்து, மாத்திரைகளைக் கைக்குட்டையில் கொட்டி முடிந்துகொண்டு போவார்கள். டப்பாவாக எடுத்துப்போனால் நடக்க நடக்க உள்ளே மாத்திரை குலுங்கும், பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரருக்குக் கேட்கும். பிறகு வீட்டில் அரிசி டிரம்முக்குள், பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலுக்குள், மாட்டுத் தீவன மூட்டைக்குப் பின்னால். நோய் வந்த பிறகு உயிருக்குப் பயந்து சாப்பிடுகிறவர்களே இப்படி மறைக்க வேண்டியிருந்தது. நோயே வராத ஒரு இருபது வயதுப் பெண், மாமியார் இருக்கும் வீட்டில், தினமும் ஒரு மாத்திரையை எங்கே வைத்து எப்போது சாப்பிடுவாள்?

இந்தக் கேள்விக்கு விடை 2024 ஜூனில் கிடைத்தது. லெனகாபவிர் என்ற ஊசி மருந்து. ஆறு மாதத்துக்கு ஒருமுறை, வயிற்றுத் தோலுக்கு அடியில் இரண்டு ஊசி, ஒவ்வொன்றிலும் ஒன்றரை மில்லி. தொடங்கும்போது முதல் இரண்டு நாள் மட்டும் சில மாத்திரை உண்டு. ஊசி போட்ட இடத்தில் மருந்து சின்ன முடிச்சாகத் தங்கி, கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்தில் இறங்கும். வைரஸின் மரபுப் பொருளைச் சுற்றியிருக்கும் புரதக் கூட்டைத் தாக்கும் மருந்து இது. தென்னாப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் 16 முதல் 25 வயது வரையுள்ள 5,300க்கும் மேற்பட்ட பெண்களிடம் இதைச் சோதித்தார்கள். லெனகாபவிர் பெற்ற 2,134 பேரில் ஒருவருக்குக்கூடத் தொற்று வரவில்லை. பழைய தினசரி மாத்திரை பெற்ற 1,068 பேரில் 16 பேருக்கு வந்தது. ஜூலையில் மியூனிக் எய்ட்ஸ் மாநாட்டில் கேப் டவுன் மருத்துவர் லிண்டா-கெயில் பெக்கர் இந்த முடிவுகளை வாசித்தபோது அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. ஆண்களோடு உறவுள்ள ஆண்கள், திருநங்கையர், திருநம்பியர் ஆகியோரிடம் பல நாடுகளில் நடந்த அடுத்த ஆய்வில் 2,179 பேரில் இரண்டே பேருக்குத் தொற்று.

வருடத்துக்கு இரண்டு தடவை ஆஸ்பத்திரிக்கு வந்து போனால் போதும். வீட்டில் டப்பா இல்லை, ஒளித்து வைக்க எதுவும் இல்லை. கணவனைக் கெஞ்ச வேண்டியதும் இல்லை, இதுதான் எனக்கு முக்கியம்.

எங்களிடம் வந்த ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஊரையும் மற்ற விவரங்களையும் சொல்லப்போவதில்லை. கணவர் ரிக் வண்டியில் வேலை. அவருக்குப் பாசிட்டிவ், இவளுக்கு நெகட்டிவ். ஆறு மாதத்துக்கு ஒருமுறை டெஸ்டுக்கு வருவாள். ரிசல்ட் சொல்லும்வரை சேலைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டே இருப்பாள். நெகட்டிவ் என்றதும், ‘இன்னும் வரலைங்களாக்கா?’ என்பாள். வரத்தான் போகிறது, நாள்தான் தெரியவில்லை என்பது போல. நான் ஒவ்வொரு தடவையும் ஆணுறைப் பெட்டியைக் கொடுத்து அனுப்புவேன். ஒரு நாள் அதைத் திருப்பி மேசை மேல் வைத்துவிட்டாள். ‘வேண்டாங்கக்கா. உனக்கும் வந்துட்டா அப்புறம் இந்தத் தொல்லையே இல்லையிங்கிறாரு’ என்றாள். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் கோபம்கூட இல்லை.

அந்தக் கணவரை அழைத்துப் பேசினோம். தலையைத் தலையை ஆட்டிவிட்டு லைனுக்குப் போய்விட்டார். அவருக்குக் கூட்டு மருந்து ஆரம்பித்திருந்தால் கதை வேறாகியிருக்கும். தொற்று உள்ளவர் தினமும் மருந்து எடுத்து, ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டால், உறவு வழியாக அடுத்தவருக்குத் தொற்றாது. ஆனால் அப்போதைய விதிப்படி, நோய் எதிர்ப்புச் சக்தியைக் காட்டும் சி.டி.4 அணுக்களின் எண்ணிக்கை ஓர் அளவுக்குக் கீழே இறங்கினால்தான் மருந்து. அவருக்கு அந்த எண்ணிக்கை நன்றாகவே இருந்தது. ‘உங்க வீட்டுக்காரருக்கு இன்னும் மருந்து தேவைப்படலை’ என்று நான் அவளிடம் சொல்ல வேண்டியிருந்தது. அடுத்தடுத்த டெஸ்டுகளில் ஒன்றில் அவளுக்கும் பாசிட்டிவ் வந்தது.

இதில் என்னைத் தூங்கவிடாத விஷயம் ஒன்று உண்டு. சீக்கிரமே சிகிச்சை தொடங்கினால் துணைவருக்குத் தொற்றுவது 96 சதவீதம் குறைகிறது என்று 2011லேயே நிரூபணம் ஆகிவிட்டது. நிரூபித்த ஆய்வின் பெயர் எச்.பி.டி.என். 052. ஒன்பது நாடுகளில் 1,763 தம்பதிகள் அதில் பங்கெடுத்தார்கள், ஒருவருக்குத் தொற்று இருந்து மற்றவருக்கு இல்லாத தம்பதிகள். அந்த ஆய்வு நடந்த இடங்களில் ஒன்று சென்னை, டாக்டர் சுனிதி சாலமன் தொடங்கிய ஒய்.ஆர்.ஜி. கேர் மையம். 1986இல் மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில், தன் மாணவி நிர்மலா சேகரித்து வந்த ரத்த மாதிரிகளின் வழியே, இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டுபிடித்தவர் அவர். அவருடைய மையத்துக்கு வந்த தமிழ்த் தம்பதிகளும் சேர்ந்து தங்கள் உடம்பால் உலகத்துக்கு நிரூபித்துக் கொடுத்த உண்மை அது. தொற்று உறுதியானவுடன் எல்லாருக்கும் மருந்து என்ற கொள்கை இந்தியாவில் வந்தது 2017இல். நடுவில் ஆறு வருடம். என் மேசை மேல் ஆணுறைப் பெட்டியைத் திருப்பி வைத்தவளுக்குத் தொற்று வந்தது அந்த ஆறு வருடத்துக்குள்.

ஆகவேதான் ‘படிப்படியாக விரிவாக்குவோம்’ என்று யாராவது மேடையில் சொன்னால் எனக்குப் பதறுகிறது. உலகத்தில் 2024இல் மட்டும் சுமார் 13 லட்சம் பேருக்குப் புதிதாகத் தொற்று வந்தது. 15 முதல் 24 வயதுக்குள் இருக்கும் பெண்கள் மட்டுமே நாளொன்றுக்கு 570 பேர் என்று ஐ.நா.வின் எய்ட்ஸ் அமைப்பு கணக்குச் சொல்கிறது. ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் நடுவே இவர்கள் இருக்கிறார்கள்.

இந்தத் தாமதம் நமக்குப் புதிதும் இல்லை. 1996இல் மூன்று மருந்துகள் சேர்ந்த கூட்டுச் சிகிச்சை பணக்கார நாடுகளுக்கு வந்துவிட்டது. அங்கே படுக்கையில் கிடந்தவர்கள் எழுந்து வேலைக்குப் போனார்கள். ஒருவருக்கு வருடச் செலவு 10,000 டாலருக்கும் மேல். மும்பை சிப்லா நிறுவனத்தின் யூசுஃப் ஹமீது 2001 பிப்ரவரியில், ‘எல்லைகளற்ற மருத்துவர்கள்’ அமைப்புக்கு அதே மருந்தை வருடத்துக்கு 350 டாலருக்குத் தருகிறேன் என்று அறிவித்தார். நாளொன்றுக்கு ஒரு டாலருக்கும் குறைவு. அப்போதும் தகுதிக் கேள்வி வந்தது. அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி அமைப்பான யு.எஸ்.எய்டின் தலைவராக இருந்த ஆண்ட்ரூ நாட்சியோஸ், ஆப்பிரிக்கர்களுக்குக் கடிகார நேரம் தெரியாது, வேளை தவறாமல் மாத்திரை சாப்பிட அவர்களால் முடியாது என்ற பொருளில் அந்த வருடம் பேசினார். பிறகு மருந்து போய்ச் சேர்ந்தபோது, ஆப்பிரிக்க நோயாளிகள் வட அமெரிக்க நோயாளிகளைவிட ஒழுங்காக மாத்திரை எடுத்ததாக ஆய்வுகள் காட்டின. இந்தியாவில் அரசு இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது 2004 ஏப்ரல் 1 அன்று, எட்டு மருத்துவமனைகளில். அவற்றில் தாம்பரம் சானடோரியமும் ஒன்று. 1996க்கும் 2004க்கும் நடுவில் எங்கள் மாவட்டத்தில் சில ஊர்களில் தெருவுக்கு ஒரு வீடாவது ஆண் இல்லாத வீடாகிப் போனது. தாத்தா பாட்டி வளர்த்த அந்தப் பிள்ளைகளை எனக்குத் தெரியும், சிலருக்கு இன்று சொந்தமாக லாரி இருக்கிறது.

அமெரிக்க உதவியை மட்டமாகப் பேச எனக்கு மனம் வராது. 2003இல் ஜார்ஜ் புஷ் தொடங்கிய பெப்ஃபார் என்ற எச்.ஐ.வி. உதவித் திட்டம் இரண்டரைக் கோடி உயிர்களைக் காப்பாற்றியதாகச் சொல்கிறார்கள். நம் ஊருக்கு அதற்கு முன்பே அமெரிக்கப் பணம் வந்தது. 1995 முதல் சென்னை வி.எச்.எஸ். மருத்துவமனை வழியாக நடந்த ‘ஏபாக்’ திட்டம் யு.எஸ்.எய்ட் நிதியில் நடந்ததுதான். நெடுஞ்சாலை ஓரத்தில் டிரைவர்களை உட்காரவைத்துப் பேசியவர்கள், டீக்கடையிலும் பெட்டிக்கடையிலும் ஆணுறை கிடைக்கச் செய்தவர்கள் அந்தத் திட்டத்தில் இருந்தார்கள். அன்று அவர்கள் டிரைவரைப் பார்த்து நீ யார், உன் நடத்தை என்ன என்று கேட்டிருந்தால் ஒரு ஆளும் பக்கத்தில் வந்திருக்க மாட்டான். கேட்கவில்லை, அதனால் வந்தார்கள். தமிழ்நாட்டில் தொற்று இறங்கியதற்கு அதுவும் ஒரு காரணம். அந்தப் படிப்பினையை உலகுக்கே கொடுத்திருக்க வேண்டியவர்கள், 2025இல் கர்ப்பிணி, பாலூட்டும் தாய் என்று கோடு கிழித்ததுதான் எனக்கு வருத்தம்.

இனி விலை. 2025 ஜூன் 18 அன்று அமெரிக்கா லெனகாபவிரைத் தடுப்பு மருந்தாக அனுமதித்தபோது, அதைத் தயாரிக்கும் கிலியட் நிறுவனம் அங்கே வைத்த விலை வருடத்துக்கு 28,218 டாலர். நம் பணத்தில் ஏறத்தாழ 25 லட்சம் ரூபாய். லிவர்பூல் பல்கலைக்கழகத்தின் ஆண்ட்ரூ ஹில் குழு, பெரிய அளவில் தயாரித்தால் வருடத்துக்கு 40 டாலருக்கே விற்கலாம் என்று 2024லேயே கணக்குப் போட்டுக் காட்டியது. பலர் நம்பவில்லை. 2025 செப்டம்பரில் ஹைதராபாத்தின் டாக்டர் ரெட்டீஸ், ஹெடெரோ என்ற இரண்டு நிறுவனங்கள் அதே 40 டாலருக்கு, 2027 முதல் தருவதாக ஒப்பந்தம் போட்டன. கேட்ஸ் அறக்கட்டளையும் யூனிடெய்ட் என்ற சர்வதேச சுகாதார அமைப்பும் இதற்குத் துணை நிற்கின்றன. 40 டாலர் என்றால் சுமார் 3,500 ரூபாய். எங்கள் பக்கத்தில் ஒரு லாரி டயருக்கு அதைவிடப் பல மடங்கு ஆகும்.

கிலியட் செய்த நல்லதையும் சொல்ல வேண்டும். அமெரிக்க அனுமதி வருவதற்கு முன்பே, 2024 அக்டோபரில், ஆறு நிறுவனங்களுக்கு 120 நாடுகளில் விற்கும் உரிமத்தைக் காப்புரிமைத் தொகை வாங்காமல் கொடுத்தது. எச்.ஐ.வி. பணிக்குச் சர்வதேச நிதி தரும் குளோபல் ஃபண்டுடன் சேர்ந்து மூன்று வருடத்தில் 20 லட்சம் பேருக்கு வரை லாபமில்லாத விலையில் தர ஒத்துக்கொண்டது. அமெரிக்காவில் அனுமதி கிடைத்த அதே வருடம் நவம்பரில் ஜாம்பியாவுக்கும் எஸ்வாட்டினிக்கும் மருந்துப் பெட்டிகள் போய் இறங்கிவிட்டன. எச்.ஐ.வி. மருந்து வரலாற்றில் இந்த வேகம் இதற்கு முன் இல்லாதது.

ஆனால் அந்த 120 நாடுகளில் பிரேசில், அர்ஜெண்டினா, பெரு, மெக்சிகோ இல்லை. நடுத்தர வருமான நாடுகள், அதனால் அதிக விலை கொடுக்க வேண்டும் என்பது தர்க்கம். இந்த நான்கு நாட்டு மக்களும் லெனகாபவிரின் இரண்டாவது ஆய்வில் தங்கள் வயிற்றைக் காட்டி ஊசி போட்டுக்கொண்டவர்கள். ஒரு மருந்தைச் சோதிக்க உடம்பைக் கொடுத்தவர்களுக்கு, சோதனை முடிந்ததும் அது கிடைக்க வழி செய்ய வேண்டும் என்பது மருத்துவ ஆய்வு நெறிகளைச் சொல்லும் ஹெல்சிங்கி பிரகடனத்திலேயே இருக்கிற நெறி. பிரேசிலுக்கு இது முதல் அனுபவமும் இல்லை. 2007இல் எஃபாவிரென்ஸ் என்ற எச்.ஐ.வி. மருந்துக்கு விலை குறையாதபோது, அந்த அரசு, காப்புரிமையாளர் சம்மதம் இல்லாமலே மருந்தைப் பெற வழிசெய்யும் கட்டாய உரிமம் பிறப்பித்து, இந்தியாவில் தயாரான மருந்தை இறக்குமதி செய்து தன் மக்களுக்குக் கொடுத்தது. திரும்பவும் அதைச் செய்ய அவர்களுக்கு உரிமை உண்டு. அப்படிச் செய்தால் நம் அரசும் நம் நிறுவனங்களும் அவர்கள் பக்கம் நிற்க வேண்டும் என்றே நான் சொல்வேன்.

20 லட்சம் பேர் என்ற எண்ணும் மூன்று வருடத்துக்கானது. தடுப்பு மருந்து எடுப்பவர்கள் 2025க்குள் 2.12 கோடி பேராக வேண்டும் என்பது ஐ.நா. எய்ட்ஸ் அமைப்பு வைத்த இலக்கு. 2023இல் மாத்திரை எடுத்தவர்கள் 35 லட்சம் பேர். இவ்வளவு பற்றாக்குறை இருக்கும்போது பங்கீட்டில் யாரோ வரிசை போடத்தான் செய்வார்கள். 2025 செப்டம்பரில் அமெரிக்கா தன் பங்கை அறிவித்தபோதும் கர்ப்பிணிகளையும் பாலூட்டும் தாய்மாரையுமே முன்னால் வைத்தது. அவர்களுக்குக் கட்டாயம் வேண்டும், அந்தப் பருவத்தில் தொற்று வந்தால் பிள்ளைக்கும் போகும். ஆனால் தொற்று எங்கே வேகமாக ஓடுகிறதோ அங்கே அணை போடாமல், ஓடி வந்து சேரும் இடத்தில் மட்டும் நிற்பதா?

ஒரு எச்சரிக்கையும் உண்டு. லெனகாபவிர் உடம்பில் நீண்ட நாள் தங்கும். ஊசியை நடுவில் நிறுத்தினால் மருந்தின் அளவு மெல்ல மெல்லக் குறைந்து, காக்கப் போதாத அளவில் பல மாதம் கிடக்கும். அந்த நேரத்தில் தொற்று வந்தால், மருந்துக்கு அடங்காத வைரஸ் உருவாக வாய்ப்பு இருக்கிறது. ஒரு அரசு மாறியதும் பணத்தை நிறுத்துவது, இரண்டு வாரம் கழித்துப் பாதி திறப்பது என்ற விளையாட்டு இந்த மருந்தோடு நடக்காது. பணம் போடும் நாடுகள் வருடக்கணக்கில் உறுதி கொடுத்துவிட்டு இறங்க வேண்டும். வாங்கும் நாடுகளும் தங்கள் பட்ஜெட்டில் ஒரு பங்கு வைக்க வேண்டும். தென்னாப்பிரிக்கா தன் எச்.ஐ.வி. செலவின் பெரும்பகுதியைச் சொந்தப் பணத்தில் பார்த்துக்கொள்வதால்தான் 2025இல் மற்ற நாடுகள் அளவுக்கு இடிந்துபோகவில்லை.

‘இப்படி ஊசி போட்டுவிட்டால் ஒழுக்கம் என்ன ஆகும்?’ என்று கேட்பவர்கள் உண்டு. ஆணுறை விளம்பரம் வந்தபோதும், எய்ட்ஸ் விழிப்புணர்வுக்காகப் புள்ளிராஜா சுவரொட்டி ஒட்டியபோதும் இதே கேள்வியை எதிர்கொண்டோம். அவர்களை நான் ஏளனம் செய்ய மாட்டேன், பலர் பிள்ளைகளைப் பெற்ற கவலையில் கேட்கிறார்கள். இந்த ஊசி சிஃபிலிஸ், கொனோரியா போன்ற பால்வினை நோய்களைத் தடுக்காது, கர்ப்பத்தையும் தடுக்காது. ஆணுறையின் தேவை அப்படியே இருக்கிறது. ஆனால் ஊசிக்கு என்று ஒருவர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை உள்ளே வருகிறார் பாருங்கள், அப்போதுதான் அவருக்கு மற்ற டெஸ்டுகளை எடுக்க முடியும், பேச முடியும். வராத ஆளிடம் ஒழுக்கத்தைப் பற்றியும் பேச முடியாது. போலியோ சொட்டு மருந்துக்கு வரிசையில் நிற்கும் குழந்தையிடம் அப்பாவின் நடத்தைச் சான்றிதழ் கேட்டிருந்தால், இந்த நாட்டிலிருந்து போலியோ போயிருக்குமா?

இந்தியாவுக்கு வருகிறேன். இங்கே சுமார் 25 லட்சம் பேர் எச்.ஐ.வி.யோடு வாழ்கிறார்கள். ஆண்டுக்கு 60 ஆயிரத்துக்கும் அதிகமானோருக்குப் புதிதாகத் தொற்று வருகிறது. தடுப்பு மாத்திரைக்கான வழிகாட்டு நெறிகளை தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு நிறுவனம் 2022இல் வெளியிட்டது. ஆனாலும் இன்றுவரை பெரும்பாலும், விவரம் தெரிந்து மருந்துக் கடையில் காசு கொடுத்து வாங்க முடிந்தவர்களுக்கே அது எட்டுகிறது. பெருநகரங்களில் படித்த இளைஞர்கள் வாங்குகிறார்கள். பரமத்தி வேலூர் பக்கத்துத் திருநங்கைக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. ஹைதராபாத்தில் தயாராகும் ஊசி கப்பலேறி லுசாகாவுக்குப் போவது எனக்குப் பெருமைதான். அதே ஊசி ராசிபுரம் அரசு மருத்துவமனைக்கும் வர வேண்டும்.

2027க்கு அதிக நாள் இல்லை. கொள்முதலுக்கும் பயிற்சிக்கும் இப்போதே வேலை தொடங்க வேண்டும். கணவனுக்கு மருந்து ஆரம்பித்து வைரஸ் அடங்கும் வரை, அல்லது அவன் மருந்தை ஒழுங்காக எடுக்காதபோது, மனைவிக்கு ஊசி. பாலியல் தொழிலாளர்களுக்கும், ஆண்களோடு உறவுள்ள ஆண்களுக்கும், திருநங்கையருக்கும், ஊசிப் போதைப் பழக்கம் உள்ளவர்களுக்கும் கேட்டவுடன் ஊசி. இந்த எந்தப் பட்டியலிலும் இல்லாத ஒருவர் தனக்கு வேண்டும் என்று வந்து நின்றால், காரணம் சொல்ல அவருக்கு வாய் வராவிட்டாலும் ஊசி, காரணம் இல்லாமல் யாரும் எங்கள் மையத்துப் படியேறியதில்லை. எச்.ஐ.வி. பிரிவு என்று பலகை மாட்டிய அறையில் வைத்துப் போடாமல், காய்ச்சலுக்கு ஊசி போடும் அதே அறையில், ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே போட ஏற்பாடு வேண்டும். ஆறு மாதத்துக்கு இரண்டு வாரம் முன்பின் வரைதான் தள்ளிப்போகலாம், அந்த நாளில் டிரைவர் கான்ட்லாவில் இருப்பாரா கொச்சியில் இருப்பாரா என்பது அவருக்கே தெரியாது. ஒரு சீட்டைக் காட்டினால் இந்தியாவில் எந்த அரசு மருத்துவமனையிலும் அடுத்த ஊசி கிடைக்க வேண்டும். பெண்களுக்கான படிவத்தில் கணவரின் கையெழுத்து என்று ஒரு கட்டம் இருக்கவே கூடாது.